உரசிய பந்து

எழுபத்தெட்டாம் நிமிடம், ஏகாம்பரம் மைதானம்.
கோல் கம்பத்துக்குப் பின்னால்
புள்ளிமான் ஒன்று மேய்கிறது; யாரும் விரட்டவில்லை.

பாலையூற்று ஆல்ஸ்டன் இரண்டு முழம் முன்னே நிற்கிறான்.
அதில் ஐயமில்லை. என் கொடி பாதி எழும்பிவிட்டது.
நடுவில் கிண்ணியா முபீத் கால் நீட்ட,
பந்து அவன் பூட்சில் உரசி
கச்சான் காற்றில் கொஞ்சம் வளைந்து
ஆல்ஸ்டனிடம்.

பந்துக்குக் கால் போனதா,
காலுக்குப் பந்து வந்ததா?
போனதென்றால் கோல்.
வந்ததென்றால் ஓஃப்சைட்.

எத்தனை தூரம், என்ன வேகம்,
உடம்பைத் திருப்ப அவனுக்கு நேரம் இருந்ததா,
சட்டம் கேட்பதெல்லாம்
ஒரு கண்சிமிட்டுக்குள்.
வேலிக்கு வெளியே ஆட்டோக் கூரையில் நின்றவன்
அதற்குள் என் அம்மாவைத் திட்டி முடித்துவிட்டான்.

கொடியை இறக்கினேன்.

மேட்ச் முடிய, குழாயடியில்
முபீத் முழங்கால் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான்.
"அடிச்சதா, பட்டதா?"
கேட்கக்கூடாதுதான். கேட்டேன்.
காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
வேறு யாருடையதோ போல.
"அடிக்கத்தான் போனன் அண்ணன்.
அதுக்கு முதலே பட்டுட்டு."