படி திரும்பும் இடத்தில் ஒரு நோட்டு

வூச் நகரில், ஈரச் சாம்பல் நிற நவம்பரில்,
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
படி திரும்பும் இடத்தில்
ஒரு ரப்பர் செடி செத்துக்கொண்டிருந்தது.

குடிபெயர்ந்த பல் வைத்தியர் விட்டுப்போனது.
கூடவே ஒரு நாற்காலி; அதை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.
செடியை யாரும் எடுக்கவில்லை,
எறியவும் இல்லை.

நான் டிராம் ஓட்டுகிறவன்.
இரவு முறை முடிந்து ஏறும்போது
தினம் ஒரு இலை படியில் கிடக்கும்,
மஞ்சளாய், பழைய ஷூவின் நாக்கு மாதிரி.
குனிந்தெடுத்துச் சட்டைப்பையில் போடுவேன்,
ஏனென்று தெரியாமல்.
சலவை இயந்திரத்திலிருந்து ஒருமுறை ஏழு இலைகள் வந்தன.

காய்கிறது என்றுதான் நினைத்தேன்.
குவளைத் தண்ணீரோடு போய் மண்ணில் விரலை விட்டால்
சொதசொதவென்று உள்ளே போகிறது.
அமிர்தம் மிஞ்சிய மண்ணில்
அழுகிய முட்டைக்கோஸ் வாடை.

சைக்கிளுக்குக் காற்றடிப்பதாய் நடித்து
மூன்று நாள் வேவு பார்த்தேன்.
காலை ஆறரைக்குப் போகுமிவா,
மூடிய துணி ஆலையின் கணக்கர், எனாமல் கெண்டியோடு.
மாலை ஆறரைக்கு சேவெரின்,
பால் புட்டியில் ஆறவைத்த வெந்நீரோடு.
இவர் ஊற்றுவது அவருக்குத் தெரியாது,
அவர் ஊற்றுவது இவருக்கும்.
தெரிந்திருந்தால் இருவருமே நிறுத்தியிருப்பார்கள்.
பதினோரு வருடமாய்ப் பேச்சில்லை:
நிலவறை அலமாரி யாருக்கு என்று தகராறு.
அலமாரி உளுத்துக் கொட்டிவிட்டது.
தகராறு உளுக்கவில்லை.

ஞாயிறன்று செய்தித்தாள் விரித்துத்
தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
வேரெல்லாம் குழைந்த சேமியா.
உருவினால் தோல் கையோடு வந்தது,
உள்ளே நூல் மட்டும்.
வெட்டினேன்.
நல்ல வேர் வரைக்கும் வெட்டினேன்,
கத்தி பட்ட இடத்தில் வெள்ளையாய்ப் பால் துளிர்க்கும்வரை.
கேக்குக்கு வாங்கிய பட்டைத்தூள் காயத்துக்குப் போனது.
பாதி மண், பாதி மணல்,
பாதியளவுத் தொட்டி.
மிஞ்சியது ஒரு குச்சி, மூன்று இலை.

ஜன்னலோரம், ரேடியேட்டருக்குத் தள்ளி வைத்துக்
கோடு போட்ட ஒரு நோட்டைத் தொட்டியில் கட்டினேன்,
பென்சிலோடு:
"தண்ணீர் ஊற்றுபவர் தேதி எழுதவும்."

முதல் வாரம் வெறும் தேதிகள்.
இரண்டாம் வாரம்,

"நேற்றுதானே ஊற்றினீர்கள்? மூழ்கடிக்க உத்தேசமா?"
"நேற்றல்ல, முந்தாநாள். கண்ணாடி மாற்றவும்."
"எட்டை ஆறு மாதிரி எழுதுவது நீங்கள்."
"ஜன்னலைத் திறந்துவைத்தது யார்?"
"தபால்காரர்."
"பொய்."
"பொய்தான்."

டிசம்பரில் ஒரு இலை உதிர்ந்தது.
அன்றைய தேதிக்குக் கீழே
இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள்,
சாட்சிகள் போல.

பிப்ரவரியில் ஒரே கையெழுத்து:

"12. மண் காய்ந்திருக்கிறது. உங்கள் முறை."
"13. உங்கள் முறை."
"14. நான் ஊற்ற மாட்டேன். முறை என்றால் முறை."

பதினைந்தாம் தேதியில் எழுத்தில்லை,
பென்சில் முனை அழுந்திய ஓட்டை மட்டும்.

மறுநாள் விடியலில் ஏறி வந்தபோது
சேவெரினின் கதவுக்கு முன்னால் போகுமிவா,
கையில் கெண்டி,
தட்ட ஓங்கிய விரல்கள் அந்தரத்தில்.
நான் பார்க்காததுபோல் நாலு படி ஏறினேன்.
ஐந்தாவது படியில் தட்டும் சத்தம் கேட்டது.

"17. காய்ச்சல், முப்பத்தொன்பது. செடிக்கு அரைக் குவளை போதும். சே."
"17. செடிக்கு அரை. உங்களுக்கு பீட்ரூட் சூப் இரண்டு. பாத்திரத்தைக் கழுவித் தரவும்."

மார்ச்சில் குச்சியின் உச்சியில்
மிளகாய் மூக்காய்ச் சிவந்து ஒரு உறை நீண்டது.
பிரிந்தது. உள்ளே சுருட்டிவைத்த பச்சை.
நோட்டைப் புரட்டினேன்.
அதைப்பற்றி ஒரு வரி இல்லை.
சூப்பில் உப்பு கூடியதா என்ற விவாதம்
மூன்று பக்கம் ஓடிக்
கடைசி அட்டையில் முட்டி நின்றிருந்தது.

கீழே, இரண்டு கையெழுத்தும் கலந்து:
"டிராம்காரர் கவனத்துக்கு.
நோட்டு தீர்ந்துவிட்டது.
இம்முறை கொஞ்சம் தடிமனாக வாங்கவும்."