நின்று எரிந்த நாலு கேலன்

அக்டோபர் கடைசி சனிக்கிழமை.
டூ ஹார்பர்ஸ் பங்க்கில் பக்கத்துப் பக்கத்துக் குழாயில்
உன் வண்டியும் என் வண்டியும்.
விவாகரத்துக்குப் பின்னும் நாம் தவறவிடாத ஒரே சடங்கு:
பனிக்காலத்துக்குக் கொட்டகையில் பூட்டும் முன்
டாங்கை நிரப்பி, வருஷக் கணக்கைப் பார்ப்பது.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், கூரை திறக்கிற கார்.
என்னுடையது தொண்ணூற்றொன்று. துணிக்கூரை.
பின்கண்ணாடி என்று பெயர் வைத்த பிளாஸ்டிக்
எலுமிச்சை ஊறுகாய்போல் மஞ்சளித்துவிட்டது.
உன்னுடையது இரண்டாயிரத்தேழு. ஆறு கியர்.
பொத்தானை அமுக்கினால் மடியும் தகரக்கூரை,
அதைச் சுமக்கவே ஓர் ஆள் எடை கூடுதல்.
நடுவே ஒரு தொண்ணூற்றொன்பது இருந்தது.
கேலனுக்கு இருபத்தேழு மைல், மழையிலும் பொய் சொல்லாமல்.
அதை விற்ற பணத்தைத்தான்
நம் வக்கீல்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு இருபத்தெட்டு புள்ளி நாலு.
பென்சிலால் எழுதிவிட்டு, கிழவண்டி ஜெயித்த திமிரில்
உன்னைப் பார்த்தேன்.
நீ நோட்டை நீட்டவில்லை. பிடுங்கினேன்.

இருபத்துமூன்று.

எல்டன், முப்பத்திரண்டு வருஷம்
ஊரார் வரிக்கணக்கைத் துருவியவள் நான்.
நாய்த் தீனியை வாட்ச்மேன் சம்பளம் என்று எழுதியவனை
ரசீதை முகர்ந்தே பிடித்தவள்.
என்னிடமா?

ரசீதின் முதுகில் கழித்தேன்.
ஓடியது இரண்டாயிரத்து நூறு மைல்.
இருபத்தாறு தரவேண்டிய வண்டி
குடித்திருக்க வேண்டியது எண்பத்தோரு கேலன்.
குடித்தது தொண்ணூற்றொன்று.
கூரை திறந்தால் காற்று பிடரியைப் பிடித்து இழுக்கும்,
அதற்கு மூன்று போகட்டும்.
சிக்னலில் இன்னும் இருபது வயதாகவே இருக்கும்
உன் வலது காலுக்கு இரண்டு.
டயரில் காற்று போதாது, சொன்னால் கோபிப்பாய், ஒன்று.
மிச்சம் நாலு.

அந்த நாலு எங்கேயும் போகவில்லை.
நகராமல் உறுமிக்கொண்டிருக்கும் எஞ்சின்
மணிக்கு அரை கேலனுக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும்.
பத்து மணி நேரம், எல்டன்.
யார் வாசலில்?

நீ காற்றடிக்கும் மிஷினையே பார்த்தாய்.
அப்புறம் சொன்னாய்,
டுலூத் கால்வாய்க் கரையில் என்று.
ஹால்வரின் கப்பல் இரும்புத்தாது ஏற்ற வரும்போது.
அவர்கள் போடுகிற நேரம் ஒன்று,
மூடுபனி போடுகிற நேரம் வேறு.
கூரையை மூடினால் மேல்தளத்திலிருந்து
உன் வழுக்கை அவனுக்குத் தெரியாது.
அதனால் திறந்தே வைத்து,
ஹீட்டரை முழுக்கத் திருகி,
ஏரிக்காற்றுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

“கை காட்டுவானா?”
“அஞ்சு தடவையில் ரெண்டு.”

என்னிடம் அவன் பேசிப் பதினாலு மாசம்.
உன்னிடமும்தான் என்று
ஒரு மாதிரி ஆறுதலாக இருந்துவிட்டேன்.

நாலு கேலனுக்கு எதிரே
பூஜ்யம் மைல் என்று எழுதவேண்டும். அதுதான் முறை.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

“அடுத்தது எப்போ?”
“செவ்வாய். விடிகாலை ஆறரை போட்டிருக்கிறார்கள்.”

கொட்டகைச் சாவியைப் பைக்குள் திரும்பப் போட்டேன்.
என் கூரைக்குப் பொத்தான் கிடையாது,
இரண்டு கொக்கி, ஒரு கெட்ட வார்த்தை.
ஹீட்டரும் இடது காலுக்கு மட்டும்தான்.

“கம்பளி எடுத்துக்கோ,” என்றாய்,
“டாங்கை இன்னும் கொஞ்சம் நிரப்பு.”