இரண்டரை மீட்டர்

அனுமதி தேவையில்லை என்றார் கிளைவ்.
அந்த வாரத்தில் என்னிடம்
அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

ராச்டேலில் மழை விடாத மார்ச்.
பின்தோட்டத்தில் முளையடித்து நூல் கட்டினார்.
வேலியை ஒட்டி வருவதால்
உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டக் கூடாதாம்.
எப்போதும் அளந்து பேசுகிறவர்
இப்போது அளப்பதோடு சரி.

பலகை வந்தது. தகரம் வந்தது.
குளிர் தாங்கும் கண்ணாடிப் பஞ்சு
ஏழு மூட்டை வந்தது.
புல்வெட்டும் இயந்திரத்துக்கு எதற்கு அத்தனை கதகதப்பு?
நான் கேட்கவில்லை.
எனிட் ஆக்ராய்ட் கேட்டாள்,
வேலிக்கு மேல் கண்கள் மட்டும் தெரிய.
பதில் வராததால்
இரண்டு அங்குலம் கூடுதல் என்று
கவுன்சிலுக்கு எழுதிப் போட்டாள்.

ஒருவர் வந்தார்.
சேறு படாமல் பலகைவிட்டுப் பலகை தாவி
டேப்பை இழுத்தார்.
இரண்டு மீட்டர் நாற்பத்தெட்டு.
கூரை சரி. தோட்டத்தில் பாதிக்கு மேல் அடைக்கவில்லை,
அதுவும் சரி.
கார் ஓட்டும் தேர்வில் நாலாம் முறை தேறிய அன்று
கிளைவ் முகத்தில் பார்த்த சிரிப்பு.

அப்புறம் கதவைத் திறந்தார் அந்த மனிதர்.

ஒற்றைக் கட்டில். ஒரே தலையணை.
இரண்டு வாரமாக நான் தேடிய கெட்டில்.

"கட்டலாம் ஐயா. குடியிருக்கக் கூடாது.
இது வீட்டின் சுகத்துக்குத் துணையாக இருக்கலாம்,
வீட்டுக்குப் பதிலாக இருக்க முடியாது.
தனியாக வாழ்வதென்றால் விண்ணப்பம் போடுங்கள்.
பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடிதம் போகும்.
ஆட்சேபம் சொல்ல இருபத்தொரு நாள்."

கிளைவ் என்னைப் பார்த்தார்.
எனக்கும் ஒரு கடிதம் வருமா என்று
நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கட்டிலை இருவரும் தூக்கினோம்.
கதவில் சிக்கியது.
சாய்க்க வேண்டும் என்றேன்.
எந்தப் பக்கம் என்றார்.
அதற்கே பத்து நிமிடம்.
மாடியில் வைக்க இடமில்லை. இருந்த ஓர் அறையை
ஜூலியன் பிறந்த வருடம்
தடுப்புச் சுவர் வைத்து இரண்டாக்கியவர் இவர்தான்.
ஜூலியன் இப்போது பெர்த்தில் இருக்கிறான்.

வெளியேறியவரை வாசலில் நிறுத்திக் கேட்டேன்:
உள்ளே ஒரு சுவரை எடுக்க யாரைக் கேட்க வேண்டும்?
"உள்ளே என்றால் எங்களை இல்லை, அம்மா.
பாரம் தாங்குகிற சுவரா என்று மட்டும்
பார்த்துக்கொள்ளுங்கள்."

விரல் மடக்கித் தட்டுகிறேன்.
மேலே வெற்றாக ஒலிக்கிறது,
கீழே அவ்வளவு நிச்சயமில்லை.

இன்னொரு தரம் தட்டு,
என்கிறது அந்தப் பக்கம்.