கழிவு இல்லை

வாசலில் இருந்து அடுப்படி வரைக்கும்
சிவப்பாய்ச் சொட்டுச் சொட்டாய்க் கிடந்தது.
மைனிதான் முதலில் பார்த்தாள்.
"யாரு ரத்தம்ட்டி இது?"
நானும் சேர்ந்து தேடினேன்,
பிள்ளைகள் கால், பூனையின் கால்.
என்னுடையது என்று தெரிய
இன்னும் மூன்று நடை நடக்க வேண்டியிருந்தது.
இலை வெட்டுகிற தகட்டின் முனை
காலையிலேயே ஒடிந்து
குதிகாலில் குடியேறியிருக்கிறது.
அதன்மேல் நின்றுதான் தண்ணீர் பிடித்தேன்,
அதன்மேல் நின்றுதான் தோசை சுட்டேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
நர்ஸ் பிள்ளை ஒரு நைலான் நரம்பை எடுத்து
"கண்ண மூடுங்கம்மா,
தொடும்போது சொல்லுங்க" என்றாள்.
தெரியுது என்றேன்.
தெரியுது என்றேன்.
"இன்னும் தொடவே இல்லம்மா."

பள்ளிக்கூடத்தில்கூட நான்
இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

பதினோரு வருசமாய்ச் சர்க்கரை.
மாத்திரை உண்டு, மறதியும் உண்டு.
தட்டில் ஆயிரம் பீடி நிறைகிறவரை
சோறு மூடியே கிடக்கும்.
வேர்த்து, கை நடுங்கி,
சிவப்பு நூல் சுற்று நழுவும்போதுதான்
பசி என்று ஒன்று உண்டென்று நினைவு வரும்.
கால் தப்பித்தது என்றார் டாக்டர்,
கண்ணையும் காட்டிவிட்டுப் போ,
சிறுநீரும் கொடு, கிட்னியைப் பார்க்கணும்.
ஒரு அறை ஒழுகினால்
வீடு பூராவும் ஓடு மாற்றணுமா என்றேன்.
பார்க்கவாவது பார்க்கணும் என்றார்.
சிரிக்கவில்லை.

ஐயாக்குட்டி கண்டக்டர் என்றால்
முக்கூடல் தடத்தில் எல்லாருக்கும் தெரியும்.
முப்பது வருசம் டிக்கெட் கிழித்த மனிதர்
இப்போது ராத்திரி ஒன்பது மணிக்குக்
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
செல்போன் விளக்கோடு தரையில் உட்காருகிறார்.
"காலக் கொண்டா."
முதல் நாள் நான் தரவில்லை.
புருசன் மடியில் காலை வைத்தால்
அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவ?
"அம்மி மேல நான்தான எடுத்து வச்சேன்,
அப்பம் எங்க போச்சு பாவம்?" என்றார்.
அன்றைக்கு அந்தக் கை பட்டதும்
கூச்சத்தில் விரல்கள் மடங்கிக்கொண்டன.
இன்றைக்குச் சும்மா கிடக்கின்றன,
அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

வெந்நீரில் முதலில் அவர் முழங்கை,
பிறகுதான் என் பாதம்.
விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துண்டால் ஒற்றி
வெடிப்பா, கொப்புளமா, நிறம் மாறியிருக்கா,
கம்பெனிக் கடையில் செக்கர்
கட்டைப் பிரித்து உருட்டுவானே, அந்தப் பார்வை.
அவன் கழித்தால் ஒரு நாள் கூலி போகும்.
இவர் நிமிர்ந்து
"கழிவு இல்ல, வடிவு" என்பார்.
அதைக் கேட்காமல் இப்போது கண் மூடுவதில்லை.

சுடலை கோயில் கொடைக்குப் போனோம்.
மத்தியான மணல் வறுசட்டியாய்க் கிடந்தது.
எல்லாரும் வெறுங்காலோடு போக
நான் பந்தலுக்கு வெளியே
ஆஸ்பத்திரி ரப்பர் செருப்போடு நின்று கும்பிட்டேன்.
ஒருத்தி முகத்தைத் திருப்பினாள்.
சுடுகாட்டுச் சாமிக்குத் தெரியாதா
யார் யார் முழுசாய் வந்தார்கள்,
யார் குறைந்து வந்தார்கள் என்று.
பொங்கலில் ஒரு பருக்கை நாக்கில் வைத்தேன்.
மிச்சம் மைனிக்கு.
பொய் சொல்லவில்லை, இரண்டு பருக்கை.

நேற்று அவர் நிமிரவில்லை.
சுண்டுவிரல் ஓரம் சிவப்பாய் ஏதோ.
விளக்கைக் கிட்டே கொண்டுபோனார்.
என்ன என்றேன்.
"இரு."
இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியமில்லை.
மேற்கே மழை போலும், ஒரு இடி கேட்டது.
நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்து
வெளிச்சத்தில் காட்டினார்:
பீடி நூல்.

அப்புறமும் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.
என் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.
பிடித்திருக்கிறார் என்பதைப்
பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.