நான்காம் எண்

நவம்பரில் வந்த உறை
மின்கட்டண ரசீது போலத்தான் இருந்தது.
பிரித்தால், குலுக்கலில் என் பெயர் விழுந்திருந்தது.
அகிதா மாவட்ட நீதிமன்றம்.
நீதிபதிகள் மூவர், குடிமக்கள் அறுவர்.
எங்களுக்கு அங்கே பெயர் கிடையாது.
நான் நான்காம் எண்.

மற்ற நாட்களில்
ரயில் நிலையத்துக்கு எதிர்க் கண்ணாடிக் கடையில்
வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு
இது தெளிவா, முந்தியதா என்று
நாளுக்கு நூறு முறை கேட்பவள்.

வழக்கைச் சொல்லலாம், பேப்பரிலேயே வந்துவிட்டது.
அசாரி ஹயாதே, வயது இருபத்திரண்டு.
பனி கொட்டும் மூன்றரை மணிக்கு
விடிய விடியத் திறந்திருக்கும் கடைக்குள்
கத்தியோடு நுழைந்தான்.
கல்லாவில் முப்பத்தோராயிரம் யென்.
ஹதகேயாமா யாசுகோ
கத்தியை அலகில் பிடித்துவிட்டார்.
ஏன் பிடித்தீர்கள் என்றதற்கு,
"தெரியவில்லை.
விழுகிற பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி
கை போய்விட்டது."
ஓடும்போது அவன் மன்னிப்புக் கேட்டானாம்.
கேமராவில் உதடு அசைகிறது.
ஒலி இல்லை.

அரசு வக்கீல் ஏழு ஆண்டு கேட்டார்.
அவன் வக்கீல் சிறையே வேண்டாம் என்றார்.
மீன் ஆலை முதலாளி ஒருவர் கூண்டேறி
"என்னிடம் விடுங்கள், ஓர் இடம் காலியாக வைத்திருக்கிறேன்" என்று
விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே சொன்னார்.
யாசுகோ கூட்டச் சொல்லவில்லை, குறைக்கவும் சொல்லவில்லை.
"இரண்டு விரல் மடங்குவதில்லை.
ஆப்பிள் தோல் சீவ வரவில்லை."
அந்த வருஷம் ஆப்பிள் கொள்ளை மலிவு.

மறுநாள் பேப்பர் எழுதியது:
முகத்தில் வருத்தமே இல்லை,
நீதிபதிகளை முறைத்தபடி இருந்தான்.
அது முறைப்பில்லை.
அவன் மூக்கில் இருந்தது பழைய கண்ணாடி,
இன்னும் இரண்டு பவர் கூட்டியிருக்க வேண்டும்.
தெரியாதவன் கண்ணை இடுக்குகிறான்,
அவ்வளவுதான்.

இதை நான் அந்த மூடிய அறையில் சொன்னேனா?
சொல்ல முடியாது.
உள்ளே யார் என்ன பேசினார் என்று
சாகும்வரை வாய் திறக்கக் கூடாதென்பது சட்டம்.
சொல்லியிருந்தால் நல்லது.
சொல்லாதிருந்தாலும்
இதே நாக்கோடுதான் சோறு தின்றாக வேண்டும்.

இதை மட்டும் சொல்லலாம். ஒரு திரை இருந்தது,
அதில் பழைய தண்டனைகளின் பட்டை வரைபடம்.
மூன்றாண்டில் சிலர், ஐந்தில் கூட்டம்,
எட்டில் தனியாக ஓர் ஆள்,
சந்தையில் அடுக்கிய மீன்பெட்டி போல.
ஒறுப்பதா, பொறுப்பதா?
இது தெளிவா, முந்தியதா?

எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அதற்கொரு விதி உண்டு.
ஆகக் கடுமையாகக் கேட்டவரை
அடுத்த சிறிய எண்ணோடு சேர்த்து எண்ண வேண்டும்,
ஐந்து பேர் சேரும்வரை இறக்கிக்கொண்டே.
கோபக்காரர்தான் படியிறங்க வேண்டும்,
இரக்கக்காரர் நின்ற இடத்தில் நிற்கலாம்.
நான் இறங்கினேனா நின்றேனா,
கால் வலி எனக்குத்தான் தெரியும்.

நாலரை ஆண்டு.
வாசித்தபோது அவன் கண்ணை இடுக்கினான்,
குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று
தேடுகிறவன் மாதிரி.
எங்களுக்கு ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார்கள்.

மார்ச்சில் யாசுகோ கடைக்கு வந்தார்.
என்னைத் தெரியவில்லை.
கறுப்பு அங்கிகளுக்குப் பக்கத்தில்
ஒரு முகம்தானே நான்.
படிக்கிற கண்ணாடி வேண்டுமாம்.
இது தெளிவா, முந்தியதா?
"முந்தியது."
ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

பில் போடும்போது கேட்டார்,
"ஒரு கையால் திறக்கிற பெட்டி இருக்கிறதா?"
எங்கள் பெட்டிகளெல்லாம் விறைப்பான ஸ்பிரிங் வைத்தவை.
அலமாரியை அலசினேன், கிடங்கில் ஏறி இறங்கினேன்.
கடைசியில் ஒரு துணிப்பை,
வாய்ச்சுருக்கு இல்லாதது.
இதற்குக் காசு வேண்டாம் என்றேன்.

"இனாம் எதற்கு" என்று
மூன்று நூறு யென் நாணயங்களை
ஒவ்வொன்றாக
அந்த மடங்காத விரல்களாலேயே தள்ளித் தள்ளி
என் பக்கம் நகர்த்தினார்.
நான் கையை நீட்டாமல்
அவை வந்து சேரும்வரை நின்றேன்.