சோள வாடை

எல்லைகள் பூட்டிய ஏப்ரலில்
தாலின் விமான நிலையத்தில்
நீலப் பெட்டியை வைத்துவிட்டு
ஆறடி பின்வாங்கி நின்றாராம் விமானி.

யாரோ ஒரு ஜெர்மன்காரனின் குருத்தணுக்கள்
உறைநிலை கலைந்து
ஊர்மஸின் நரம்பில் இறங்குகின்றன.
மனைவிக்கே அனுமதியில்லாத அறை.
"வந்தவனுக்கு மாஸ்க் போட்டாயா, மாரிக்கா?" என்கிறார்
அந்தக் கப்பல் மெக்கானிக்.
சிரித்தேன். தொண்டை கரகரத்தது.

காலையில் எடுத்த சோதனையில்
இல்லை என்றுதான் வந்தது.
இருந்தாலும்.

உறையவைத்த மருந்து
மூச்சில் வெளியேறும்போது
வெந்த சோளம்போல் வாடை வரும்;
புதிய நர்சுகள் முகம் சுளிப்பார்கள்.
நான் சொட்டு எண்ணும் சாக்கில் குனிந்து
இரண்டு முகக்கவசம் தாண்டி
ஆழ இழுத்தேன்.

அடிக்கிறது.
கடவுளே, குப்பென்று அடிக்கிறது.