எரியாத மஞ்சள் விளக்கு

கார் இழுக்குதில்லை என்றான் கஜீபன்.
ஹாகன் நகரில், ரயில் பாலத்துக்குக் கீழே
பட்டறைக் கதவை ஏழரைக்குத்தான் திறப்பேன்.
ஏழேகாலுக்கே வந்து நின்றான்,
இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு.

நூற்றைம்பது குதிரைவலு தொழிற்சாலை தந்தது.
மிச்ச நாற்பதை டோர்ட்முண்டில் ஒருவன் தந்தான்,
தளபாடக் கடையின் தரிப்பிடத்தில்,
மடியில் கணினியை வைத்து, அரைமணி நேரத்தில்.
முந்நூற்றைம்பது யூரோ. ரசீது இல்லை.
மூன்று வாரம் பறந்ததாம்.
பிறகு லூடன்ஷைட் ஏற்றத்தில்
பின்னிருக்கையில் மனைவி வயிற்றைப் பிடித்திருக்க
மரம் ஏற்றிய லொறிக்குப் பின்னால்
நாற்பதில் ஊர்ந்ததாம்.

"மஞ்சள் விளக்கு எரிஞ்சதோ?"
"இல்லை அக்கா. ஒண்டும் எரியேல்லை.
அதால பெரிய பிழையா இராதெண்டு நினைச்சன்."

ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் செருகினேன்.
பிழை எதுவும் இல்லை என்றது திரை.
பன்னிரண்டு வருடமாக இந்த வேலை.
பிழையே இல்லாத டீசல் எஞ்சினை
இன்னும் நான் கண்டதில்லை.

சரி, எண்களைப் பார்ப்போம்.
எஞ்சின் கேட்ட அழுத்தம்
இரண்டாயிரத்து முந்நூறு மில்லிபார்.
கிடைத்தது ஆயிரத்து நானூறு.
கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய்
தன்னைத் தானே ஒடுக்கிக்கொண்டது அந்தப் பெட்டி.
வெளியே சொல்லத்தான் இல்லை.

குழாய்க்குள் புகையை அடித்தேன்.
வலது முன்விளக்குக்கு அடியில்
மெல்லிசாக ஒரு வெள்ளை இழை கிளம்பியது.
வெடித்த ரப்பர், எண்ணெய்ப் பிசுக்கு,
விரலை விட்டால் நகம் வரை நுழைகிறது.
நாற்பத்தொரு யூரோச் சாமான்.
புதியதை மாட்டி இறுக்கினேன்.
இத்தோடு விட்டிருக்கலாம்.
அவனும் சாவிக்குக் கை நீட்டிவிட்டான்.

விடவில்லை.
பெட்டிக்குள் இருந்ததை முழுதாக வாசித்தெடுத்தேன்.
பிழைகளின் பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில்
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
திரை கொள்ளாத பூச்சியம்.
வேகத்தைக் கூட்டியவன்
போகிறபோக்கில் வாயையும் தைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
வாடிக்கையாளர் திரும்பி வராமலிருக்க
இதைவிட மலிவான வழி இல்லை.

"பழையதையே ஏத்தப்போறன்" என்றேன்.
"அந்த நாற்பது குதிரையும்?"
"போகும்."
வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தான்.
வந்து தலையாட்டினான்.

பற்றரிக்கு மின் தாங்கி.
பதின்மூன்று தசம் நான்கு வோல்ட், இறங்கக் கூடாது.
கதவைத் திறக்காதே, விளக்கைப் போடாதே,
ஃபோனைக் காரில் சார்ஜ் போடாதே.
பாதி எழுதும்போது மின்சாரம் தடுமாறினால்
இந்த அலுமினியப் பெட்டி
கடதாசி பறக்காமல் வைக்கத்தான் உதவும்.
அறுபது வீதம். எண்பது.
மேலே கொலோன் ரயில் போனது; மேசை அதிர்ந்தது.
தொண்ணூற்றொன்பதில் வெகுநேரம் நின்றது.
இரண்டு பேரும் மூச்சு விட்டோமா தெரியாது.

சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் பிடித்தது,
விளக்கும் பிடித்தது,
மஞ்சளாய், கண்ணுக்கு நேரே.

"ஐயோ அக்கா, பழுதாக்கிப்போட்டியளோ?"

ஏழு பிழைகள்.
ஒவ்வொன்றாக வாசித்தேன்.
நான்கு அந்த வெடித்த குழாய் பெற்றவை.
ஒன்று, குறைந்த வோல்ட்டில் யாரோ எழுதிய தடம்.
ஆறாவதை எனக்கே விளங்கவில்லை; அழித்தேன், திரும்பி வரவில்லை.
ஏழாவது: மூன்றாம் சிலிண்டர்,
குளிரில் சூடேற்றும் முளை, செத்துவிட்டது.

கஜீபன் கொஞ்சம் பேசாமல் நின்றான்.
"தை மாசம் முழுக்க விடிய நடுங்கினது.
எனக்குக் குளிருற மாதிரி
அதுக்கும் குளிருதாக்கும் எண்டு இருந்தன்."

முளை வியாழக்கிழமைதான் வரும்.
அதுவரை ஓடலாம், ஏற்றத்திலும் ஓடலாம்,
விளக்கு மட்டும் எரியும் என்றேன்.
நான் கேட்காமலே ரசீது கேட்டான்,
ஏழு பிழையையும் அதில் எழுதச் சொன்னான்.

பாலத்தடி இருட்டைத் தாண்டும்போது
கண்ணாடிக்குள் அவன் முகம் தெரிந்தது,
தாடையில் கொஞ்சம் மஞ்சள்.